ஆடி வீதிக் கல்லும் வைகை மணலும்: இயற்கையைக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி?

கேள்வி இது: "மதுரையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பைத்தான் ஓரளவு வரும். ஆற்று வெள்ளம், குளத்து அலை, வெயில், மழை, பறவைக் கூட்டம் என்று தினமும் கண்ணில் படுகிறவற்றை இயற்பியலையும் கணக்கையும் வைத்துக் கணினியில் ஓட்டிப் பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது? தண்ணீர், காற்று ஓட்டத்துக்கான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டைப் படித்து முடித்துவிட்டுத்தான் வர வேண்டுமா? கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டுமா?"

கடைசி இரண்டுக்கும் இப்போதைக்கு வேண்டாம் என்பதே பதில். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பக்கம் வருகிறவர்களில் பெரும்பாலோர் படத்திலிருந்து தொடங்குகிறார்கள். திரையில் தண்ணீர் தளும்ப வேண்டும், புகை சுழல வேண்டும். அதில் தப்பில்லை, ஆனால் அது வேறு தொழில். 1999-ல் ஜோஸ் ஸ்டாம் என்பவர் தண்ணீர், புகை ஓட்டத்தைக் கணக்குப் போட ஒரு முறையை வெளியிட்டார். எவ்வளவு பெரிய காலப்படி (கணக்கு ஒவ்வொரு தடவையும் முன்னே தாவுகிற நேரம்) கொடுத்தாலும் அந்தக் கணக்கு வெடிக்காது. சினிமாவுக்கும் வீடியோ கேமுக்கும் அது பெரிய வரம். அதற்குக் கொடுக்கிற விலை, சுழல்கள் நிஜத்தைவிடச் சீக்கிரம் தேய்ந்து போகும். சினிமா பார்க்கிறவருக்கு அது தெரியப் போவதில்லை. ஆனால் "புகை எத்தனை நிமிடத்தில் கலையும்?" என்று கேட்டால் அந்தப் படம் தப்பான பதில் சொல்லும். ஆகவே, எண்ணாகப் பதில் வரக்கூடிய ஒரு கேள்வியை முதலில் பிடியுங்கள். படம் அப்புறம் வரட்டும்.

மதுரைக்காரருக்கு நான் முதலில் கொடுக்கிற கேள்வி இது: சித்திரை மாத மத்தியானத்தில் மீனாட்சி அம்மன் கோயில் ஆடி வீதிக் கல் எவ்வளவு சுடும், எத்தனை மணிக்கு அதிகம் சுடும், தரையில் தென்னை நார் விரிப்புப் போட்டால் ஏன் கால் தப்பிக்கிறது? செருப்பில்லாமல் அங்கே நடந்த எல்லோருக்கும் விடை பாதி தெரியும். மீதிப் பாதிக்குத்தான் கணக்கு.

முதலில் வெயில். மதுரை ஏறக்குறைய 9.9 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நாளில் நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, மதுரையோ 78.1-ல் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால், ஏப்ரல் நடுவில் நம் உச்சிவேளை 12 மணிக்கு இல்லை, சுமார் 12.17-க்கு. அப்போது ஒரு சதுர மீட்டரில் 950 வாட் அளவுக்கு வெயில் விழுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சாம்பல் நிறக் கருங்கல் அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக, 65 சதவீதம் உறிஞ்சுகிறது என்று வையுங்கள். மேற்பரப்பிலிருந்து காற்றுக்கும் வானத்துக்கும் கொஞ்சம் சூடு திரும்பிப் போகும். மிச்சம் கல்லுக்குள் இறங்கும்.

இறங்குகிற கதைதான் வெப்பப் பரவல் சமன்பாடு. கல் அகலமாகப் பரந்திருக்கிறது, எங்கும் ஒரே மாதிரி சுடுகிறது. பக்கவாட்டில் சூடு ஓடக் காரணமே இல்லை. எனவே மூன்று பரிமாணத்தை விட்டுவிட்டு ஆழம் என்ற ஒரே பரிமாணத்தை மட்டும் எடுத்தால் போதும். எதை விட்டுவிடலாம் என்று இப்படி முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் இந்தத் தொழிலில் உண்மையான வேலை. நிரல் எழுதுவது அதற்கு அடுத்தபடி.

ஒரு மீட்டர் ஆழத்தை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நூறு அடுக்காக வெட்டுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வெப்பநிலை. விதி ஒரே வரி: மேல் அடுக்கின் வெப்பநிலையையும் கீழ் அடுக்கின் வெப்பநிலையையும் கூட்டி, தன்னுடையதை இரண்டு மடங்காக்கிக் கழித்து, வருகிற விடையை ஒரு எண்ணால் பெருக்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த எண் எங்கிருந்து வருகிறது? கருங்கல்லின் வெப்பப் பரவல் திறன் வினாடிக்கு சுமார் 1.2 சதுர மில்லிமீட்டர். அதைக் காலப்படியால் பெருக்கி, அடுக்கின் கனத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும். காலப்படி 24 வினாடி என்றால் எண் 0.288.

சரி, 24 வினாடி எதற்கு, ஒரு நிமிடமாகவே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஒரு முறை வைத்துப் பாருங்கள், கட்டாயம் பார்க்க வேண்டிய காட்சி அது. எண் 0.72 ஆகிறது. முதல் சில படிகள் நல்ல பிள்ளையாக ஓடும். பிறகு ஒரு அடுக்கு மேலே, அடுத்த அடுக்கு கீழே, அதற்கடுத்தது மேலே என்று பல்வரிசை போல வெப்பநிலைகள் மாறி மாறித் துள்ளும். அரை மணி நேரத்துக்கான கணக்கு முடிவதற்குள் கல்லின் சூடு லட்சம் டிகிரியைத் தாண்டியிருக்கும். அந்த எண் பாதியைத் தாண்டக் கூடாது என்பது இந்த முறையின் சட்டம். ஒரு சென்டிமீட்டர் அடுக்குக்கு வரம்பு சுமார் 41 வினாடி. அடுக்கை அரை சென்டிமீட்டராக்கினால் வரம்பு பாதியாகாது, கால்வாசியாகும், 10 வினாடிக்கு வந்துவிடும். அடுக்குகள் இரண்டு மடங்கு, படிகள் நான்கு மடங்கு, மொத்த வேலை எட்டு மடங்கு. இந்தக் கணக்கு ஞாபகத்தில் இருக்கட்டும், கிராபிக்ஸ் கார்டு பேச்சு வரும்போது திரும்பத் தேவைப்படும்.

இந்த வகைச் சட்டங்கள் கணினிக்கு முந்தியவை. அலைகளுக்கான கட்டுப்பாட்டை 1928-லேயே கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் எழுதிவிட்டார்கள். அதற்கு ஆறு ஆண்டு முன்னால், 1922-ல், எல். எஃப். ரிச்சர்ட்சன் கையாலேயே ஒரு வானிலைக் கணிப்பைப் போட்டு வெளியிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று அவர் விடை வந்தது. உண்மையில் அன்றைக்கு அழுத்தம் கிட்டத்தட்ட அசையவே இல்லை. அவருக்குத் தவறு வந்தது காலப்படியால் அல்ல. தொடக்கத்தில் கொடுத்த காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று பொருந்தாததால். உள்ளே போடுவது சரியில்லாவிட்டால் சமன்பாடு சரியாக இருந்தும் பயனில்லை.

மறுபடி கல்லுக்கு வருவோம். எல்லா அடுக்கையும் 32 டிகிரியில் தொடங்கி, நேற்றைய வரைபடமும் இன்றைய வரைபடமும் ஒன்றாகிற வரை மாதிரிக்குள் பதினைந்து நாள் ஓட்டுங்கள். 54,000 படி, படிக்கு நூறு அடுக்கு. பழைய மடிக்கணினியிலும் சில வினாடி வேலைதான். காற்றின் வேகத்துக்கு நியாயமான ஒரு மதிப்புக் கொடுத்தால் மேற்பரப்பு 50 முதல் 55 டிகிரி வரை போகும். உச்சம் 12.17-க்கு வராது, இரண்டு மணியை ஒட்டி வரும். 18 சென்டிமீட்டர் ஆழத்தில் ஏற்ற இறக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும், அங்கே உச்சம் மாலை ஆறு மணி சுமாருக்கு. சாயங்காலம் வெயில் போன பிறகும் கல் மண்டபத்துத் தூண் வெதுவெதுப்பாக இருப்பதன் காரணத்தை இந்த வரைபடத்திலேயே பார்க்கலாம்.

அந்த 18 சென்டிமீட்டர் நிரலிலிருந்து மட்டும் வரவில்லை. பரவல் திறனை ஒரு நாளின் வினாடிகளால் பெருக்கி, பையால் (π, அதாவது 3.14) வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் காகிதத்திலேயே வரும். நிரல் தருகிற விடை இதோடு ஒத்துப்போகவில்லை என்றால் நிரலில் எங்கோ பிழை. அப்புறம் காலப்படியைப் பாதியாக்கிப் பாருங்கள். விடை நகர்ந்தால் இன்னும் கணக்கு முற்றவில்லை என்று பொருள்.

நார் விரிப்பு விஷயம் இதைவிட அழகு. கல்லும் விரிப்பும் ஒரே 55 டிகிரியில் இருந்தாலும் பாதம் உணர்வது ஒன்றல்ல. இரண்டு பொருள்கள் தொடும்போது நடுவில் எந்த வெப்பநிலை நிற்கும் என்பதை, ஒவ்வொன்றும் எவ்வளவு சுலபமாகச் சூட்டைக் கொடுக்கும், வாங்கும் என்ற அளவு தீர்மானிக்கிறது. அது கருங்கல்லுக்குச் சுமார் 2300, தோலுக்குச் சுமார் 1200, நார் விரிப்புக்கு நூறு சுமார். பாதம் 33 டிகிரி என்று வைத்து, ஒவ்வொரு வெப்பநிலையையும் அதனதன் அளவால் பெருக்கிக் கூட்டி, அளவுகளின் கூட்டுத்தொகையால் வகுத்துச் சராசரி எடுத்தால் கல்லின் மேல் தொடுமிடம் 47-ஐத் தாண்டுகிறது, விரிப்பின் மேல் 35-ஐ ஒட்டி நிற்கிறது. 43, 44 டிகிரிக்கு மேல் போனால் தோலுக்கு வலிக்கும். கூட்டல், பெருக்கல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான், சிமுலேஷனே தேவையில்லை. வெள்ளைச் சுண்ணாம்புப் பட்டை அடித்த பாதைக்கு மட்டும் நிரலுக்குத் திரும்புங்கள். உறிஞ்சும் பங்கை 65-லிருந்து 25 சதவீதமாக்கி ஓட்டினால் உச்சச் சூடு பத்து டிகிரிக்கு மேல் இறங்குகிறது.

சரிபார்க்க கோயிலுக்குள் கருவி கொண்டுபோகிற வேலை வேண்டாம், போனையே வெளியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கீழக்குயில்குடி சமணர் மலைப் பாறை திறந்தவெளியில்தான் கிடக்கிறது, கனமும் ஒரு மீட்டருக்கு மேல், மாதிரிக்கு ஆடி வீதியைவிடப் பொருத்தம். தூரத்திலிருந்து வெப்பம் பார்க்கிற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று போதும். கருவியில் உமிழ்திறன் (பரப்பு எவ்வளவு நன்றாக வெப்பக் கதிரை விடுகிறது என்ற அளவு) 0.95 என்று வைத்துக் காலையிலிருந்து இரவு வரை மணிக்கொரு முறை எழுதிவாருங்கள். கிரானைட் கடையில் கிடைக்கிற இரண்டு சென்டிமீட்டர் துண்டை மொட்டை மாடியில் போட்டு அளந்துவிட்டு இதோடு ஒப்பிடாதீர்கள். அந்தத் துண்டுக்குக் கீழே கான்கிரீட் இருக்கிறது, கதையே வேறு.

அளவும் கணக்கும் முதல் தடவை பொருந்தாது. அப்போது எல்லாக் குமிழையும் திருகிப் பொருத்திவிடுகிற ஆசை வரும். அப்படிச் செய்தால் எந்த மாதிரியையும் எந்த அளவோடும் பொருத்திவிடலாம், அதற்கு அர்த்தம் கிடையாது. கல்லின் எண்கள் ஓரளவு தெரிந்தவை, அவற்றைத் தொடாதீர்கள். தெரியாதது காற்று எடுத்துப் போகிற சூடு. அதை மட்டும் ஒரு நாள் அளவை வைத்துத் திருத்துங்கள். பிறகு வேறொரு நாள், வேறு காற்று, வேறு மேகம், அதே எண்ணை வைத்துக் கணித்து, அதற்கப்புறம் போய் அளந்து பாருங்கள்.

அடுத்தது வைகை. அழகர் ஆற்றில் இறங்குவதற்காக வைகை அணையில் தண்ணீர் திறக்கிற செய்தி வந்தாலே ஊரில் எல்லோரும் கேட்பது "எப்போது இங்கே வந்து சேரும்?" என்றுதான். அணையிலிருந்து மதுரைக்குச் சுமார் 70 கிலோமீட்டர். இதற்கு முழு வெள்ள மாதிரி உண்டு, 1871-ல் சான்-வெனான் எழுதிய சமன்பாடுகள். ஆனால் முதலில் ஒரு துண்டுச் சீட்டில் போட்டுப் பாருங்கள்.

வினாடிக்கு 1000 கன அடி திறக்கிறார்கள் என்று வைப்போம், அதாவது 28 கன மீட்டர். தண்ணீர் ஓடுகிற அகலம் 50 மீட்டர், சரிவு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர், படுகையின் உரசலுக்கு மேனிங் எண் 0.03. இவை என் அனுமானங்கள், நீங்கள் மாற்றிப் போடலாம். ஆழம் 70 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் வேகம் வினாடிக்கு 0.8 மீட்டராகவும் வருகிறது. 70 கிலோமீட்டரைக் கடக்க 24 மணி நேரம். இது மணல் ஒரு சொட்டும் குடிக்காது என்று வைத்தால்.

ஆனால் காய்ந்த மணல் குடிக்கும். இரண்டு மீட்டர் ஆழத்துக்கு மணல் காய்ந்திருக்கிறது, அதில் பத்தில் மூன்று பங்கு காலி இடம் என்றால், 70 கிலோமீட்டர் நீளம், 50 மீட்டர் அகலத்துக்கு 21 லட்சம் கன மீட்டர் தண்ணீர் உள்ளே போய்விடும். வினாடிக்கு 28 கன மீட்டர் வீதம் அது சுமார் 21 மணி நேர ஓட்டம். ஆக மொத்தம் 45 மணி நேரம், இரண்டு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. போன வாரம்தான் தண்ணீர் ஓடிப் படுகை ஈரமாக இருந்தால் அந்த 21 மணி நேரம் பெருமளவு குறையும். நடுவில் பேரணை போன்ற இடங்களில் தண்ணீர் தேங்கித்தான் தாண்டும், அது தனிக் கூட்டல்.

இந்தச் சீட்டுக் கணக்கை நான் ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், எந்த எண் விடையை ஆட்டுகிறது என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது. அகலத்தை 50-லிருந்து 200 ஆக்குங்கள். மணலுக்குப் போவது நான்கு மடங்கு, எண்பது மணி நேரத்துக்கு மேல். அப்படியென்றால் இந்தக் கேள்விக்கு சான்-வெனான் சமன்பாட்டின் நுணுக்கத்தைவிட, ஆறு எந்தெந்த இடத்தில் எவ்வளவு அகலமாக ஓடுகிறது, மணல் இருக்கிறதா, அள்ளிப்போன இடத்தில் வெறும் களிமண் தெரிகிறதா என்பதுதான் முக்கியம். செயற்கைக்கோள் படத்தில் அகலத்தை அளந்து, கிலோமீட்டருக்கு ஒரு கட்டமாக எழுபது கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் "வந்தது, குடித்தது, போனது" என்று கணக்கு வைத்தால் நல்ல மாதிரி கிடைத்துவிடும். இதை எக்செல்லிலேயே செய்யலாம். மணல் குடிக்கிற வேகம் நேரம் ஆக ஆகக் குறைவதையும் சேர்க்க வேண்டுமானால் 1911-ல் கிரீன், ஆம்ப்ட் இருவரும் கொடுத்த எளிய வாய்ப்பாடு இன்றைக்கும் போதும்.

குளத்து அலைக்குத் தெப்பக்குளம் இருக்கிறது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் கிட்டத்தட்ட முந்நூறு மீட்டர் சதுரம், தண்ணீர் நிற்கிற நாளில் ஒரு கல்லைப் போட்டு உற்றுப் பாருங்கள். பாடப்புத்தக அலைச் சமன்பாட்டில் எல்லா அலைக்கும் ஒரே வேகம். ஒரு வளையம் கிளம்பும், அதே உருவில் போய்க்கொண்டே இருக்கும். தண்ணீர் அப்படிச் செய்யாது. ஒரு மீட்டர் நீள அலை வினாடிக்கு 1.25 மீட்டர் ஓடும், பத்து சென்டிமீட்டர் அலை 40 சென்டிமீட்டர்தான். 1.7 சென்டிமீட்டர் அலைதான் எல்லாவற்றிலும் மெதுவு, 23 சென்டிமீட்டர். அதற்கும் சின்ன அலைகளைப் புவியீர்ப்புக்குப் பதில் பரப்பு இழுவிசை ஓட்டுகிறது, அவை மறுபடி வேகமெடுக்கும். அதனால்தான் ஒரு வளையம் பல வளையமாகப் பிரிகிறது. இதைச் செய்ய கட்டம் போட்டு ஓட்டவே வேண்டாம். ஃபூரியர் மாற்றத்தால் அலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் வேகத்தில் நகர்த்தி, திரும்பக் கூட்டினால் வேலை முடிந்தது. காலப்படி என்ற தொல்லையே இல்லை, பத்தாவது வினாடி வேண்டுமென்றால் நேராக அங்கே போகலாம்.

பறவைக் கூட்டத்துக்கு இயற்பியல் சமன்பாடு எதுவும் இல்லை, விதிகள்தான். 1987-ல் கிரெய்க் ரெனால்ட்ஸ் மூன்றே விதி சொன்னார்: பக்கத்தில் இருப்பதோடு மோதாதே, அவை போகிற திசையில் போ, கூட்டத்தின் நடுப்பக்கம் சாய்ந்துகொள். குளிர்காலத்தில் நம் கண்மாய்ப் பக்கம் சூறைக்குருவிகள் கூட்டமாகத் திரும்புகிறதைப் பார்த்திருந்தால், இந்த மூன்று விதியில் அது திரையில் வருவதைக் கண்டு அசந்துபோவீர்கள். ஆனால் பார்க்க ஒத்திருப்பது நிரூபணம் அல்ல. ரோம் நகரத்து மைனா இனப் பறவைகளைப் படமெடுத்து ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டவர்கள், ஒரு பறவை குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கிற எல்லாவற்றையும் பார்ப்பதில்லை, எவ்வளவு தள்ளி இருந்தாலும் அருகிலுள்ள ஆறேழு பறவைகளை மட்டும் கவனிக்கிறது என்று கண்டார்கள். இரண்டு விதத்திலும் நிரல் எழுதி, கூட்டத்துக்குள் ஒரு பருந்தை விட்டுப் பாருங்கள், எது சிதறாமல் தாங்குகிறது என்று தெரியும்.

காய்ந்த கண்மாயில் மண் வெடிப்பது, மல்லிகைப் பந்தல் கிளைவிடுவது இவையும் நல்ல பாடங்கள்தான், பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். கோடை மழையை மட்டும் முதல் வருடம் தொடாதீர்கள். சித்திரை சாயங்காலம் நாகமலைப் பக்கம் கருத்து வந்து திருமங்கலத்தில் கொட்டுவதும் மாட்டுத்தாவணியில் தூறலோடு போய்விடுவதும் உங்கள் மாதிரியின் குறை மட்டுமல்ல. தொடக்கத்தில் துளி வித்தியாசம் இருந்தாலும் கொஞ்ச நேரம் போனதும் விடை முழுக்க மாறும் என்று 1963-ல் எட்வர்ட் லொரென்ஸ் மூன்றே சமன்பாட்டில் காட்டினார். அந்த மூன்றையும் ஓட்டிப் பாருங்கள், இருபது வரி நிரல். மழையில் "எங்கே பெய்யும்" என்ற கேள்வியை விட்டு, "ஐம்பது முறை சற்றே மாற்றி ஓட்டினால் எத்தனை முறை பெய்கிறது" என்று கேட்கிற பழக்கம் அதிலிருந்து வரும். வானிலைத் துறைகள் செய்வதும் அதைத்தான்.

நேவியர்-ஸ்டோக்ஸ் எப்போது? தூணைச் சுற்றிக் காற்று எப்படிச் சுழல்கிறது என்பது போன்ற கேள்வி உங்களுக்கே எழும்போது. அப்போது அந்தச் சமன்பாட்டில் எந்த உறுப்பு எதற்கு என்று புரியும், ஏனென்றால் பரவலைக் கல்லிலும், ஓட்டத்தை வைகையிலும் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்.

கிராபிக்ஸ் கார்டுக்கும் அதே கணக்குதான். கல்லை மூன்று பரிமாணத்தில், பக்கத்துக்கு நூறு கட்டமாக எடுத்தால் நூறு அடுக்கு பத்து லட்சம் கட்டமாகிறது. அனுமதிக்கப்பட்ட காலப்படியும் மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது. கட்டத்தைப் பாதியாக்கினால் வேலை எட்டு மடங்கு அல்ல, 32 மடங்கு. ஒரு பரிமாணத்தில் சில வினாடியில் முடிந்தது இங்கே மணிக்கணக்கில் போகும். கல்லின் நிழல் விழுகிற மூலை, தூணடி, படிக்கட்டு என்று உங்கள் கேள்விக்கு மூன்று பரிமாணம் உண்மையிலேயே தேவைப்பட்டு, காலையில் போட்ட ஓட்டம் சாயங்காலமும் முடியாமல் கிடந்தால், அன்றைக்குக் கார்டு விலையை விசாரியுங்கள்.